கல்லூரிப் பாடமும் கரும்புக் கொப்பரையும்

பாடத்திட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது ஒரு பட்டியல்தான். இன்ன பருவத்தில் இன்ன தாள், இன்ன தாளில் இத்தனை அலகு, இத்தனை மதிப்பெண். அந்தப் பட்டியலை ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை பார்க்கிறோம். தேர்வுக்கு முந்திய வாரம் மறுமுறை பார்க்கிறோம். எங்கோ ஓர் அறையில் அறிஞர் சிலர் கூடி வகுத்தார்கள், நாம் படித்து எழுதிவிட்டுப் போகவேண்டும் என்பதோடு நம் சிந்தனை நின்றுவிடுகிறது.

உண்மையில் பாடத்திட்டம் என்பது ஒரு பாதை. கல்லூரிக்குள் நுழையும்போது மாணவர் எந்த நிலையில் இருந்தார், வெளியே வரும்போது என்ன செய்ய வல்லவராக இருக்கிறார் என்னும் இரண்டு நிலைகளையும் அது இணைக்கிறது. பாதை எங்கே முடியவேண்டும் என்பதைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். அது எங்கே தொடங்கவேண்டும் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மாணவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்காத பாதை எவ்வளவு அழகாகப் போடப்பட்டிருந்தாலும் அவருக்குப் பயன்படாது. இந்தக் கருத்தை என் ஊரான மறையூரை வைத்து விளக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர்

மறையூரை அறியாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் மலைச்சாலையில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகில் உள்ளது எங்கள் ஊர். மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். மேற்கே மூணாற்றில் மழை கொட்டும்போது எங்கள் வானம் வெளுத்துக் கிடக்கும். மலையின் மறைவில் இருப்பதால் மழை குறைவு. கேரளத்து ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அம்மூன்றில் பாம்பாறு எங்களுடையது. அது அமராவதியில் கலந்து, காவிரியைச் சேர்கிறது.

இயற்கையாக வளர்ந்த சந்தனக்காடு எங்கள் ஊரின் முதற் சிறப்பு. கரும்பும் வெல்லமும் இரண்டாவது சிறப்பு. எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் வெல்லம்தான். 2019-ஆம் ஆண்டில் மறையூர்ச் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்றாவது, பாறைமேடுகளில் நிற்கும் முனியறைகள். பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோருக்காகக் கற்பலகைகளை நிறுத்தி எழுப்பியவை அவை.

இங்கே பள்ளியை முடித்த பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு. மேலே ஏறினால் மூணாறு. கீழே இறங்கினால் உடுமலைப்பேட்டை. இரண்டும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முன்னது கோட்டயத்திலுள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் எல்லை. பின்னது கோவையிலுள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லை. எந்தப் பக்கம் போனாலும், சந்தனமும் கரும்பும் முனியறையும் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றைப் பற்றி வகுப்பில் யாரும் கேட்பதில்லை. தாம் அறிந்தது எதுவும் கல்விக்கு உரியதன்று என்ற எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் மெல்லப் படிந்துவிடுகிறது. பாடத்திட்டத்தின் குறைகளுள் இதையே நான் பெரிதென்று கருதுகிறேன்.

நான்கு கேள்விகள்

பாடத்திட்டத்தை எப்படி அமைப்பது என்பதற்குச் சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் டைலர் 1949-இல் எளிய வழி ஒன்று கூறினார். நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள் என்றார். மாணவர் எதை அடையவேண்டும்? அதை அடைய என்ன அனுபவங்களைத் தரவேண்டும்? அந்த அனுபவங்களை எந்த வரிசையில் அமைக்கவேண்டும்? அடைந்தாரா என்பதை எப்படி அறிவது?

நம் நாட்டில் பெரும்பாலும் நான்காவது கேள்வியே முதல் மூன்றையும் விழுங்கிவிட்டது. தேர்வில் என்ன வருமோ அதுவே பாடம். இதை நம் பெரியோர்கள் அறியாதவர்கள் அல்லர். டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம்தான் கூறவேண்டுமென்றால் தேர்வு முறையைத் திருத்தவே கூறுவோம் என்ற கருத்தைத் தெரிவித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். பின்னர் 1964 முதல் 1966 வரை பணிபுரிந்த கோத்தாரி குழு, தகுதி வாய்ந்த கல்லூரிகளுக்குத் தாமே பாடம் வகுத்துத் தாமே தேர்வு நடத்தும் உரிமை வேண்டும் என்றது. அதன் பயனாக 1978-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, லயோலாக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றன.

ஆனால் சிறிய ஊர்களிலுள்ள இணைப்புக் கல்லூரிகளுக்கு அந்த உரிமை கிட்டவில்லை. அங்கே ஆசிரியர் பிறர் வகுத்ததைக் கற்பிப்பவராகவும், மாணவர் பிறர் கேட்பதை எழுதுபவராகவும் இருந்து வந்தனர்.

இப்போது திறந்திருக்கும் கதவு

இந்நிலையில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்துள்ளது. 2024 ஜூலை முதல் நாளன்று கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்புத் தொடங்கியது. மூன்றாண்டில் 133 தகுதிப்புள்ளிகள் பெற்றுப் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டும் தொடர்ந்து 177 புள்ளிகள் பெற்றுச் சிறப்புப் பட்டம் பெறலாம். முதன்மைப் பாடம், துணைப் பாடம், பல்துறைப் பாடம், திறன் பாடம், தொழிற்பயிற்சி என்று பல கூறுகள் அதில் உள்ளன. அவற்றைப் பற்றி நாள்தோறும் பேசுகிறோம். நம் கவனத்துக்கு வராத ஒன்றைப் பற்றியே நான் சொல்லவேண்டும்.

மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் புதிய பாடத்திட்ட ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். அலகுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் தலைப்புகள் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான தாள்களில் ஐந்தாவதாக வரும் கடைசி அலகு மட்டும் ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். அது ஆசிரியர் தாமே வகுத்துக்கொள்ளும் பாடப்பொருளுக்கு உரியது. வகுப்பறைப் பாடமாகவோ, செய்முறையாகவோ, களப்பயணமாகவோ ஆசிரியர் அதை அமைக்கலாம். அதை மதிப்பிடுவதும் கல்லூரிக்குள்ளேயே நடக்கும். பொதுவாக நூற்றுக்கு எழுபது மதிப்பெண் பருவத் தேர்வுக்கும், முப்பது உள் மதிப்பீட்டுக்கும் உரியவை என்பது நமக்குத் தெரியும். அந்த முப்பதின் ஆட்சிக்குள் இவ்வலகு வருகிறது.

தமிழ்ச் சிற்றூர்களிலிருந்து வந்த நமக்கு அந்த வெற்றிடம் பெரிய வாய்ப்பு. ஆனால் வெற்றிடம் எதனாலும் நிரம்பும். முதல் நான்கு அலகுகளில் மிஞ்சிய பாடத்தை முடிப்பதற்கும், குறிப்பெழுதச் சொல்லிவிட்டு நகர்வதற்கும் அதைப் பயன்படுத்திவிட்டால், திறந்த கதவு திறந்தபடியே இருக்க, நாம் வெளியிலேயே நிற்போம்.

கொப்பரையில் ஓர் இரசாயன வகுப்பு

அந்த அலகை எப்படி நிரப்பலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். எங்கள் ஊர் ஆலைக் கொட்டகையில் நடப்பது இது. கரும்பைப் பிழிந்து சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றுவார்கள். அடியில் காய்ந்த கரும்புச் சக்கையே எரியும். சாறு சூடேறும்போது சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை வடித்து எடுப்பார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் தட்டில் ஊற்றி, ஆறும் பக்குவத்தில் கையால் உருட்டுவார்கள். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்களில் ஏராளம். ஆனால் ஏன் சுண்ணாம்பு என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

அந்த ஒரு கேள்வியில் ஒரு பருவத்து இரசாயனம் அடங்கியிருக்கிறது. கரும்புச் சாறு இலேசான அமிலத்தன்மை உடையது. அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் சுக்ரோஸ் என்னும் கரும்புச் சர்க்கரை, குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைகிறது. அப்படி உடைந்தது மிகுந்தால் வெல்லம் இறுகாது. ஈரத்தை இழுத்துக் கசியும். சுண்ணாம்பு அந்த அமிலத்தைச் சமன் செய்கிறது. சாற்றிலுள்ள பாஸ்பேட்டுடன் சேர்ந்து வீழ்படிவாகி, மிதக்கும் புரதங்களையும் மற்ற மாசுகளையும் திரட்டிக்கொள்கிறது. சுண்ணாம்பு மிகுந்துபோனாலோ வெல்லத்தின் நிறம் கறுக்கும். எவ்வளவு போடவேண்டும் என்பதை ஆலையில் நிற்கும் பெரியவர் கண்ணாலும் கையாலும் அறிவார். அதை அளவாலும் சமன்பாட்டாலும் அறிவதே கல்லூரி மாணவரின் வேலை.

இப்போது டைலரின் நான்கு கேள்விகளையும் இங்கே பொருத்திப் பாருங்கள். மாணவர் அடையவேண்டியது: அமில காரச் சமநிலையை ஒரு மெய்யான பொருளில் அளந்து விளக்கும் ஆற்றல். அனுபவம்: ஆலைக்குச் சென்று, சுண்ணாம்பு சேர்க்குமுன்னும் சேர்த்த பின்னும் சாற்றை எடுத்துச் சோதித்தல். வரிசை: முதலில் வகுப்பில் கொள்கை, அடுத்துக் களம், பின்னர் ஆய்வுக்கூடம், இறுதியில் மீண்டும் ஆலைக்காரரிடம் பேச்சு. மதிப்பீடு: தம் அளவுகளையும் அவற்றிலிருந்து கண்ட முடிவையும் நான்கு பக்கத்தில் எழுதி, ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கு நின்று விடை சொல்லுதல். இதற்கு இலட்சக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. பி.எச். தாளும் வெப்பமானியும் ஒரு பேருந்துப் பயணமும் போதும்.

இரசாயனத்தோடு இது முடிவதில்லை. பொருளாதார மாணவர் அதே கொப்பரையின் அருகில் நின்று கணக்கெழுதலாம். நூறு கிலோ கரும்பில் ஏறத்தாழ பத்துக் கிலோ வெல்லம் கிடைக்கும். ஆட்கூலி எவ்வளவு, வெட்டுக்கூலி எவ்வளவு, இடைத்தரகர் எடுப்பது எவ்வளவு? வாணிபவியல் மாணவர் 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு, அந்தக் குறியீட்டால் உழவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்ன என்று கேட்டு எழுதலாம். தாவரவியல் மாணவருக்குச் சந்தனம் இருக்கிறது. அது தானாக உணவு சமைத்துக்கொண்டே, பக்கத்து மரங்களின் வேரிலிருந்தும் நீரையும் உப்பையும் உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. அதை அழிக்கும் கூர்நோய் ஒரு நுண்ணுயிரால் வந்து, பூச்சிகளால் பரவுகிறது. வரலாற்று மாணவர் கோவில்கடவுப் பக்கத்து முனியறைகளை அளந்து படம் வரையலாம். புவியியல் மாணவருக்கு மழை மறைவு என்பது சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமே அன்று. பேருந்தில் ஏறி இரண்டு மணி நேரம் சன்னலோரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஏன் என்று விளக்குவதே பாடம்.

இதற்குச் சான்று உண்டா?

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது, பயன் உண்டா என்று நண்பர்கள் கேட்கலாம். உண்டு. 2014-இல் அமெரிக்காவில் ஸ்காட் ஃபிரீமன் முதலிய ஆய்வாளர்கள், அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர் பேச மாணவர் கேட்டிருக்கும் வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 33.8 பேர் தோல்வியுற்றனர். மாணவர் தாமே சிந்தித்தும் செய்தும் விவாதித்தும் கற்ற வகுப்புகளில் அது 21.8 ஆகக் குறைந்தது. நூறு பேர் வகுப்பில் பன்னிருவர் கரையேறுகிறார்கள் என்றால் அது சிறிய செய்தியா?

தமிழ்நாட்டிலேயே முன்மாதிரியும் உண்டு. இராதாகிருஷ்ணன் குழு கிராமப் பல்கலைக்கழகங்களைப் பற்றித் தனியே ஆராய்ந்து கூறியது. அந்தச் சிந்தனையின் வழியில் 1956-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிலையம் எழுந்தது. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் அதன் தூண்கள். இராமச்சந்திரன் கேரளத்து நெய்யாற்றின்கரையில் பிறந்தவர் என்பது நமக்கு இனிய செய்தி. கிராமத்துக்குச் சென்று தங்கிப் பணியாற்றுவதையும் படிப்பின் பகுதியாகவே அங்கே வைத்தார்கள். 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்தைப் பாடமாக்கினால் தரம் தாழும் என்ற அச்சத்துக்கு அதன் வரலாறே விடை.

மொழி என்னும் படிக்கட்டு

பாதை மாணவர் நிற்கும் இடத்தில் தொடங்கவேண்டும் என்றேன். அந்த இடத்தில் மொழியும் இருக்கிறது. தேவிகுளம் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கேரள அரசே தமிழில் பாடநூல்களை வெளியிடுகிறது. நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். கல்லூரிக்கு வந்ததும் நூல் ஆங்கிலம், விளக்கம் பாதி மலையாளம், சிந்தனை தமிழ் என்று மூன்று படகில் கால் வைக்கவேண்டியதாயிற்று. 'கான்சென்ட்ரேஷன்' என்று ஆசிரியர் கூறியது பள்ளியில் நான் நன்றாகப் படித்த 'செறிவு'தான் என்பது விளங்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அறியாமை அங்கே தடையாக இருக்கவில்லை. அறிந்ததையும் புதியதையும் இணைக்கும் ஒரு சொல் கிடைக்காததே தடையாக இருந்தது.

1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்ட வகுப்புக்குத் தமிழ்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, கல்வியமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் அதற்குத் துணை நின்றார். அதன் பின்னர் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழ் நூல்கள் பெருகின. நம் கல்லூரிகளில் முழுவதும் தமிழ்வழி வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் இருநூறு கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் நிரல்படுத்தி முதல் வாரத்திலேயே கையில் கொடுத்தால், முதல் பருவத்தின் பாதிச் சுமை இறங்கிவிடும் என்றே சொல்கிறேன்.

சில மறுப்புகள்

"நாங்கள் ஊரை விட்டு வெளியேறத்தானே படிக்கிறோம், மீண்டும் கரும்பையும் கொப்பரையையும் ஏன் படிக்கவேண்டும்?" என்று என் ஊர் நண்பர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது போலவே, ஊர்ச் சுரைக்காய் மட்டும் தேர்வுக்கு உதவாது என்பதும் உண்மை. அதனால்தான் கொள்கைக்கு உரிய அலகுகளைத் தொடவேண்டாம் என்கிறேன். அமில காரச் சமநிலையைக் கொப்பரையில் கண்டவர், சென்னையிலோ சிங்கப்பூரிலோ மருந்து ஆலையில் வேலை பார்க்கும்போதும் அதை மறக்கமாட்டார். ஊர் என்பது புறப்படும் இடம். போய்ச் சேரும் எல்லையை அது கட்டுப்படுத்துவதில்லை.

"ஆசிரியருக்கு நேரம் எங்கே?" என்பது இரண்டாவது மறுப்பு. இதில் வலிமை உண்டு. ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒப்பந்த விரிவுரையாளர் உள்ளூரை அறிந்து பாடம் வகுப்பது அரிது. ஆதலால் ஒருவர் வகுத்ததை அவரோடு போகவிடாமல், துறையில் ஓர் ஏடாகச் சேர்த்து வைக்கவேண்டும். அடுத்து வருபவர் அதைத் திருத்தி வளர்க்கலாம்.

"உள் மதிப்பீடு என்றால் வேண்டியவர்க்கு மதிப்பெண் என்றாகாதா?" என்பது மூன்றாவது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற அளவுகோலைப் பருவத்தின் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால் இந்த ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

நாம் செய்யக்கூடியது

பாடத்திட்டக் குழுவில் நமக்கு இடம் இல்லை என்று கைகட்டி நிற்கவேண்டியதில்லை. தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழு கல்லூரியை மதிப்பிடும்போது, பாடத்திட்டத்தைப் பற்றி மாணவர் கூறிய கருத்துகள் பெறப்பட்டனவா என்றும் பார்க்கிறது. அதற்கான படிவம் நம் கைக்கும் வருகிறது. நாம் 'மிக நன்று' என்ற கட்டங்களில் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் படிவத்தின் கடைசி வெற்றுவரியில் ஒரு தெளிவான வாக்கியம் எழுதுவோம்: இன்ன தாளின் கடைசி அலகில் இன்ன களப்பணி வேண்டும் என்று.

நம் தமிழ் மாணவர் சங்கம் இந்த ஆண்டே மூன்று பணிகளைத் தொடங்கலாம். முதலாவது, துறைக்கு ஒருவராக அமர்ந்து மும்மொழிக் கலைச்சொல் பட்டியல் தொகுத்தல். இரண்டாவது, மறையூர், காந்தளூர், வட்டவடை, சித்தூர், கொழிஞ்சாம்பாறை என்று நாம் எந்தெந்த ஊரிலிருந்து வந்திருக்கிறோமோ அந்தந்த ஊருக்கு ஓர் ஏடு வைத்து, அங்குள்ள தொழில், நீர், மண், மரம், பழங்கற்கள் ஆகியவற்றில் பாடமாகத் தக்கவை எவை என்று எழுதுதல். மூன்றாவது, அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுதல். குறை சொல்லச் செல்பவரைவிட, கையில் ஒரு திட்டத்தோடு செல்பவரை எந்த ஆசிரியரும் மகிழ்ச்சியோடு வரவேற்பார். களத்துக்கு அழைத்துச் செல்லவும், ஆலைக்காரரிடமும் வனத்துறையிடமும் முன்கூட்டி இசைவு பெறவும் நாமே முன்வந்தால் அவர் சுமையும் குறையும்.

நல்ல பாடத்திட்டம் மேலிருந்து வரட்டும் என்று காத்திருந்த காலம் போதும். வெறுமையாக ஒரு பக்கத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் எழுதவேண்டியவர் ஆசிரியர். எதை எழுதலாம் என்று எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் நாம். வரும் பருவம் தொடங்குமுன் முதல் ஏடு ஆயத்தமாகட்டும். மறையூர் ஏட்டை எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் ஊர் ஏட்டை எழுதப்போகிறவர் யார்?